கிழக்கே திரும்பிய கருவி

மாசி மாதக் காலை. கொல்லிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தது. என் ஆராய்ச்சி அதைவிட மோசமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை; நான் பிஎச்.டி. மாணவி.

மேலே, வாழவந்தி நாடு என்கிற மலையூரில் ஒரு விவசாயி வீட்டின் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே குழி வெட்டி, சிமெண்ட் தளம் போட்டு, நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்றை வைத்திருந்தோம். அந்தமானுக்கு அடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே செருகிக்கொண்டு இறங்குகிறது. அதற்கும் கீழே, சூட்டில் மெல்ல மெல்ல நகரும் பாறை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் என் கேள்வி. நேரில் போய்ப் பார்க்கிற இடமா அது? ஆனால் பாறை நகர நகர அதன் படிகங்கள் ஒரே திசையில் வரிசைகட்டும், மரத்தில் நார் ஓடுவதுபோல. அங்கே நிலம் நடுங்கினால், அந்த அதிர்வு வழியில் இரண்டாகப் பிரியும். நாரோடு ஒட்டி ஆடுவது முந்தும், குறுக்கே ஆடுவது பிந்தும். எங்கள் மலைக்கு அடியிலுள்ள பாறை செய்யும் குழப்பத்தைக் கழித்துவிட்டு, எது முந்தியது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கிடைத்தும் இருந்தது. பாறை, தட்டு இறங்கும் கடல் பள்ளத்தின் நீளவாக்கில் நகர்கிறது என்றே ஐப்பசிக்கு முன்பு வந்த எல்லா அதிர்வுகளும் சொல்லின. ஆனால் ஐப்பசிக்குப் பிறகு வந்தவை எல்லாம் குறுக்குவாக்கில் என்றன. கோடிக்கணக்கான வருஷமாக ஊர்ந்துகொண்டிருக்கிற பாறை ஒரு மாதத்தில் மனசு மாறுமா?

"கருவி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று உன்னால் நிரூபிக்க முடியாவிட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டார் என் பேராசிரியர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

குழியைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் விதி. தகவலை எடுக்க வருகிறவர்கள் வெளியே இருக்கும் பெட்டியை மட்டும்தான் தொடுவார்கள். அன்று நான் மூடியைத் தூக்கினேன். கருவியின் நெற்றியில் பெரிதாகக் குங்குமப் பொட்டு. வடக்கே பார்க்க வேண்டிய அம்புக்குறி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருக்கா இதைத் திருப்புனது?"

வீட்டுக்கார அம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார். "நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு அருவா, மம்முட்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சமுங்க. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பொட்டு வைங்க, வேண்டாங்கல. எதுக்குத் திருப்புனீங்க?"

"பையன் அந்தமான்ல ரோட்டு வேலையில இருக்கானுங்க. அங்க நெலம் ஆடுனா இதுக்குத் தெரியும்னு நீங்கதான கண்ணு சொன்னீங்க. இது வடக்க பாத்துட்டு நின்னுச்சு. அந்தமான் கெழக்காலதானுங்களே? அந்தப் பக்கம் பாத்தாத்தான நல்லாக் கேக்கும்." கொஞ்சம் பெருமையோடு மேலும் சொன்னார். "நீங்க மட்டம் பாத்த மாதிரியே அந்தக் குமிழி நடுவுல வந்து நிக்கிற வரைக்கும் பாத்துத்தான் வச்சனுங்க."

கருவி மட்டம் தப்பாமல் நின்றிருக்கிறது; அதனால்தான் அதன் பிறகான பதிவில் ஒரு பிசிறுகூட இல்லை. கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவர் கணவருக்கு அவமானமாகிவிட்டது போலிருக்கிறது. "கோவிச்சுக்காதீங்க, இப்பவே பழையபடி வச்சுடறேன்" என்று குழிக்குள் குதித்துக் கருவியின்மேல் கை வைத்தார்.

"தொடாதீங்க!"

நான் போட்ட கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. அது இப்போது நிற்கிற கோணம்தான் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி. அவர் கையை எடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். பூசையன்று அடியில் வழிந்த சந்தனம் மூன்று கால்களையும் சுற்றிக் காய்ந்து, ஒரு விரிசலும் இல்லாமல் ஒட்டியிருந்தது. அன்று வைத்ததற்குப் பிறகு கருவி அசையவே இல்லை. திசைகாட்டியை வைத்துக் கோணத்தை அளந்தேன். அந்தத் திருப்பத்தைக் கணக்கில் சரிசெய்தால் போதும். ஐப்பசிக்கு முன்னும் பின்னும் ஒரே விடைதான் வரும். போன உயிர் திரும்பி வந்தது.

சந்தோஷத்தில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இது எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தமான் ஆடறது இதுக்குக் கேட்கும். எனக்குத்தான் திசை தெரியணும். வடக்கே பார்த்தே இருக்கட்டும்."

அவர் முகம் தெளிந்தது. "அப்பச் சரிங்க. ஆடப்போறதுக்கு முன்னாலயே ஒரு போன் பண்ணிச் சொல்லிருவீங்களா கண்ணு? கடல் பொங்கறதுக்குள்ள பையன மேட்டுக்குப் போவச் சொல்லலாம்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "முன்னால தெரியாதுக்கா. ஆடி முடிஞ்சு, அது இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்."

அவர் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். கருவியின் பொட்டைப் பார்த்தார்.

"அப்ப எந்தப் பக்கம் பாத்து நின்னா எனக்கென்னங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.