அம்மா விரித்த பாயில் முன்வரிசை இல்லை

அம்மாவின் இந்த நினைவு மலரைத் திறந்ததும் சிலர் முதல் பக்கத்தில் தேடியிருப்பீர்கள். வழமையாக அங்கே ஒரு பிரமுகரின் படமும் அனுதாபச் செய்தியும் இருக்கும். இதில் இல்லை. வேண்டாம் என்றே விட்டிருக்கிறேன். அது சரிதானா என்று இதை எழுதும்போதும் மனம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே காரணத்தை அம்மாவின் வாழ்க்கையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அம்மா உக்குவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தம் தந்தையாரைச் சிறு வயதிலேயே இழந்ததால் பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடை சுமந்தார். பிறகு பிள்ளை மடுவத்தில் ஆயாவானார். தாய்மார் மலைக்குப் போனபின் அவர்களது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். இதை வாசிப்பவர்களில் பலர் அவர் ஆட்டிய ஏணையில் தூங்கியவர்கள். அப்பா காலமானபின் தனியே நின்று என்னை ஆசிரியையாக்கினார்.

தோட்டத்துக் கத்தோலிக்கக் கோவிலைக் கூட்டிப் பாய் விரிப்பதை அம்மா தம் பணியாக ஏற்றிருந்தார். பூசைக்கு எல்லோரும் பாயில்தான் அமர்வோம். திருவிழாவன்று மட்டும் தோட்டத்து ஆபீசிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வரும். அதைப் பீடத்துக்கு நேர்முன்னே பிரதம அதிதிக்காகப் போடுவார்கள்.

ஒரு திருவிழாவுக்கு மாத்தளை டவுனில் செல்வாக்குள்ள ஒருவரை அழைத்திருந்தார்கள். ஒழுகும் கூரைக்குத் தகரம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் அம்மா, கால் வீங்கி நடக்க முடியாமல் வந்த மரியாயி அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். திருவிழாவைப் பொறுப்பேற்று நடத்திய மாமா, அம்மாவின் தம்பி, பதறி ஓடிவந்தார்.

“அக்கா, என்ன வேல பாக்குறீங்க? அது பெரியவருக்குப் போட்டது!”

“மரியாயி கால பாருடா. அதவிட பெரிசாவா இருக்கப் போறாரு?”

பெரியவர் வந்தபோது அம்மா கைகூப்பினார். “வாங்கய்யா. ஆண்டவர் வீட்டுல எல்லாருக்கும் பாயிதாங்க. இங்கன உக்காருங்க.” அவர் உட்காரவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். தகரம் வரவே இல்லை.

“போச்சு! இனி நனைஞ்சிக்கிட்டே செபம் சொல்லுங்க,” என்றார் மாமா.

“நனைஞ்சா காஞ்சிரும்டா தம்பி. அவரு காலுல ஒருக்கா விழுந்தா எந்திரிக்க விட மாட்டாரு.”

பல வருடங்களின் பின் அம்மாவின் இதயத்துக்குச் சத்திர சிகிச்சை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதே பெரியவர் ஒரு போன் எடுத்தால் முன்னுக்குப் போடுவார்கள் என்றார் மாமா. பயத்தில் நானும் கெஞ்சினேன்.

“என்னைய முன்னால தூக்கிவச்சா இன்னொருத்திய பின்னால தள்ளணும்ல? அவளுக்கும் ஒன்னைய மாதிரி ஒரு மக இருப்பா. நான் கேக்க வேண்டிய எடத்துல கேட்டுட்டேன். நீ புள்ளைக்குப் பாலக் குடு, போ.”

முறை வந்தது. சிகிச்சையும் நடந்தது. சில மாதங்கள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா உறக்கத்திலேயே ஆண்டவரிடம் சென்றார். “சாமிய நம்பி என்னத்தக் கண்டாங்க?” என்று மரண வீட்டிலேயே ஒருவர் கேட்டார். முந்தியே செய்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. மகளுக்குப் பால்போத்தல் கழுவும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

ஆனால் ஒன்று தெரியும். அம்மா ஆண்டவரை இன்னொரு செல்வாக்குள்ள ஆளாக நினைத்து நம்பவில்லை. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆண்டவரின் கையை அம்மா விடவில்லை. அதனால் வேறு எவருடைய கையையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, எவருக்கும் பயப்படவும் இல்லை. அவர் என்ன கண்டார் என்று கேட்டவருக்கு இதுவே என் பதில்.

போன மாதம் மாமா வந்தார். “பெரியவர் செய்தி தர்றேன்னுட்டாரு. மொதப் பக்கத்துல போடு. மாப்பிள்ளையோட இடமாற்றமும் சரியாகிரும்.” என் கணவர் கலேவெலயில் படிப்பிக்கிறார்; வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் தனியே. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. கணவரிடம் போனில் சொன்னேன்.

“போட்டா வீட்டோட வந்துருவேன்,” என்றார். “ஆனா அத்தையோட படத்துக்கு முன்னால எப்பிடி நிக்கிறது?”

முதல் பக்கத்தில் அம்மா பாய் விரிக்கும் படத்தைப் போட்டேன். திங்கட்கிழமை என் கணவர் மீண்டும் கலேவெல பஸ் ஏறுவார். எனக்குப் பயம் இருக்கிறது. படம் அங்கேதான் இருக்கும்.

அம்மாவுக்கு இரத்தம் தந்தவர்களுக்கும், பராமரித்த தாதியருக்கும், அக்கா போலக் கஞ்சி கொடுத்தனுப்பிய பாத்திமா தாத்தாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வேனுடன் வந்த சுனில் அண்ணாவுக்கும், இன்னும் என்னோடு கோபமாக இருந்தாலும் இம்மலரை அச்சகத்துக்குக் கொண்டுபோன மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இந்த முதலாண்டுப் பூசைக்கு அம்மாவின் பாய்களை நானே விரிக்கிறேன். கூரை இன்னும் ஒழுகுகிறது. மழை வந்தால் சற்று நெருங்கி அமருங்கள். நாற்காலி ஒன்றும் இருக்கும், கால் மடக்க இயலாதவருக்கு. பெரியவர் வந்தாலும் வரவேற்போம். பாயில் இடமுண்டு.

மகள்