பதினேழாம் நாள்

பதுளை பஸ் நிலையத்தில் நின்றபோது முத்தையா அண்ணனின் அழைப்பு வந்தது. "ஒங்க அக்கா போயிருச்சும்மா," என்றார். அவர் மனைவி மாரியாயி அக்காவுக்கு நெஞ்சுவலி. பாதை உடைந்து கிடந்ததால் வாகனம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்வரை ஏறவில்லை. கம்பளியில் சுமந்து இறக்கியிருக்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பாதையைப் போட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் மலர்வளையம் மட்டும் தவறாமல் அனுப்பினார்கள்.

அக்காவோடு கொழுந்து பறித்த உங்களுக்குத் தெரியும், செத்த வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். "இப்பத்தான் ஊரே இங்க இருக்கே. பதினாறு முடியட்டும்," என்பார்.

என் அம்மா குளவி கொட்டிச் செத்தார். கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினாறாம் நாள் காரியம்வரை லயமே எங்கள் வாசலில் இருந்தது. எல்லோரும் சொன்னது ஒன்றே: "அழாத, தைரியமா இரு." அம்மாவின் பெயரைக்கூட யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் நான் அழுதுவிடுவேனாம்.

பதினேழாம் நாள், வேலைவிட்டு நேராக அக்கா வந்தார்.

"ஏன்டி, ஒங்கம்மா தேத்தண்ணிக்கு எத்தன கரண்டி சீனி போடும்?"

"நாலு."

"நாலா? அதான் என் போத்தல்ல வாங்கிக் குடிச்சிட்டு, 'என்னா கசாயம்டி இது'ன்னு என்னையே ஏசும்!"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழ முடிந்தது. அக்கா தடுக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார், வேறொரு கேள்வியோடு.

இவ்வளவும் அனுபவித்த நான், அக்காவின் சாவன்று அண்ணனிடம் என்ன சொன்னேன்? "தைரியமா இருங்கண்ணே." அவர் தலையாட்டினார். நானும் அப்படித் தலையாட்டியவள்தான். வெட்கமாக இருந்தது.

நேற்றுப் பதினேழாம் நாள். மறுபடி போனேன். அண்ணன் பற்றவைக்காத அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மாரியாயி அக்கா ஒங்கள மொதமொதல்ல எதுக்கு ஏசுச்சு?"

நிமிர்ந்தார். "கலியாணத்தன்னிக்கேம்மா. தாலி முடிச்சுப் போடத் தெரியாம முழிச்சேன். 'கொழுந்துச் சாக்க மட்டும் நல்லா கட்டுறீங்க'ன்னு காதுக்குள்ள..." சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன்.

பாதை இன்னும் உடைந்தே கிடக்கிறது. அந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. அக்காவிடமிருந்து எடுத்துவைத்திருப்பது அவருடைய பதினேழாம் நாளை. அடுத்த வாரமும் போவேன். நீங்களும் வாருங்கள். அக்காவின் பெயரைச் சொல்லி ஏதாவது கேளுங்கள். அண்ணன் அழுதால், எழுந்து போய்விடாதீர்கள்.