போன் வரிசையில் என் மனைவி

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு மூன்று பண்டிகை. தீபாவளி, பொங்கல், அப்புறம் புது போன் கடைக்கு வரும் நாள். முதல் இரண்டுக்கும் என் மனைவியை நான் எழுப்ப வேண்டும். மூன்றாவதுக்கு அவள் என்னை எழுப்புவாள்.

இது தொடங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பல வருஷங்களுக்கு முன்னால் எனக்கென்று ஆசைப்பட்டு, ஆர்ச்சர்ட் சாலையில் காலையிலிருந்து வரிசை பிடித்து ஒரு போன் வாங்கினேன். பையோடு வெளியே வந்தால் வாசலில் ஒருத்தர், "அங்கிள், விக்கிறீங்களா?" என்று வாங்கிய விலைக்கு மேலே ஒரு விலை சொன்னார். நான் முறைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த என் மனைவி நடக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று அவள் குரல் கேட்டது. அன்று உட்லண்ட்ஸ் வீட்டுக்கு நான் பழைய போனோடுதான் திரும்பினேன். அவள் மட்டும் ரயிலில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதிலிருந்து இதுவே எங்கள் வருஷாந்திர வியாபாரம். ஒரு ஆளுக்கு இரண்டு போன்தான் தருவார்கள் என்பதால் இரண்டு பேரும் நிற்போம். பெட்டியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் நகம்கூடப் படக்கூடாது. எந்த நிறத்துக்கு இந்த வருஷம் ஜனங்கள் பைத்தியம் பிடித்து அலைவார்கள் என்பதை அவள்தான் சொல்வாள், அது தப்பியதே இல்லை. பொழுது ஏற ஏற விலை இறங்கும். அதனால் வாங்கிய கையோடு லிட்டில் இந்தியாவுக்கு ஓடி, ஒரு சந்துக்குள் இருக்கும் போன் கடையில் விற்றுவிடுவோம். லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு நல்ல சாப்பாடும் ஒரு சின்னப் பயணமும் தேறும். ஆனால் அந்தப் பேரம் பேசும் நேரத்தில் என் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமே, பத்து வயது குறைந்துவிடும்.

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தே பழகியவனுக்குக் காத்திருப்பது என்றால் உடம்பெல்லாம் எரியும். வரிசையில் நான் வெறும் கால்தான். வாய் அவளுடையது. முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், காவலுக்கு நிற்பவர் எல்லோரிடமும் பேசி, கடை திறப்பதற்குள் பாதி வரிசையைச் சொந்தக்காரர்கள் ஆக்கிவிடுவாள்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன. பேச்சு மட்டும் சண்டித்தனம் செய்தது. சொல்ல வேண்டியது மனசில் தயாராக இருக்கும், வாய்க்கு வந்து சேர நேரம் பிடிக்கும். நிறையப் பேரோடு பேசுங்கள், பேசப் பேசத்தான் சரியாகும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவளோ வீட்டுக்கு வெளியே வாயைப் பூட்டிக்கொண்டாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் காலியாக வரும்வரை நின்று அப்புறம்தான் ஏறுவாள். போன் அடித்தால் என் கையில் திணிப்பாள். அவளுக்குப் பதிலாக நானே எல்லாரிடமும் பேசினேன். அவள் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் மீதியை நான் முடித்துவிடுவேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். இந்த வாய் இனி எனக்கு மட்டும்தானா என்று.

இதில் எனக்கு ஒரு சில்லறை லாபமும் இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. முன்பெல்லாம் கோப்பிக்கடையில் அவள்தான் போய், எனக்கு கோப்பி ஓ கோசோங் சொல்லி வாங்கி வருவாள். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, சுத்தமான கசப்பு. இப்போது வாங்கப் போவது நான். சீனி போட்ட கோப்பியை ரசித்துக் குடிப்பேன். எதிரே உட்கார்ந்து முறைப்பாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் புது போன் வருகிறது என்று டிவியில் காட்டியபோது அவள் என் பக்கம் திரும்பி, "நாமளும்... போவோம்" என்றாள். நான் உடனே எழுந்துபோய்க் குடையைத் தேட ஆரம்பித்துவிட்டேன். மழை இல்லை, ஒன்றும் இல்லை. கண் கலங்கியதை அவள் பார்க்கக்கூடாது என்பதற்காக.

முதல் ரயிலில் போயும் எங்களுக்கு முன்னால் நல்ல கூட்டம். மடக்கு நாற்காலி, விசிறி, வறுத்த மீ ஹூன் சேமியாப் பொட்டலம் என்று ஜனங்கள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இதற்காகவே விமானம் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள். என் மனைவி யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது இவள் பக்கம் திரும்பினால் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

கடை திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவளுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. தனியாக அனுப்ப மனசில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எவனும் செய்வதையே நானும் செய்தேன். எங்கள் இடத்தில் தரையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனேன். சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மந்திரியே வந்தாலும் அங்கே உட்காரமாட்டார் என்பது என் நம்பிக்கை.

திரும்பி வந்து பார்த்தால் எங்கள் இடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், பெரிய பயணப் பெட்டியோடு. எங்கள் டிஷ்யூவை எடுத்து முகத்தைச் சுகமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ கீழே போட்டுவிட்டுப் போனது என்று நினைத்திருக்கிறார் பாவம்.

எனக்குக் கோபம் பொங்குவதற்குள் என் மனைவி ஓரடி முன்னால் போனாள். "எக்ஸ்கியூஸ் மீ... திஸ்..." என்று ஆரம்பித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெளியாளிடம் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வார்த்தைக்கு உதடு துடித்தது. அந்த மனிதரும் என்ன என்பதுபோலக் காத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "திஸ் இஸ் அவர் பிளேஸ்!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற சீன அம்மா ஒருவர், "யெஸ் லா, தே கம் ஃபர்ஸ்ட்" என்று சாட்சி சொன்னார். வெளியூர்க்காரர் மன்னிப்புக் கேட்டு, மிச்ச டிஷ்யூவையும் என்னிடம் நீட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

இடம் கிடைத்தது. ஆனால் என் மனைவியின் முகம் இருண்டுவிட்டது.

"நான்தான... பேசிக்கிட்டு... இருந்தேன்" என்றாள்.

"நேரமாவுதுன்னுதான்மா..."

"எனக்கு... நேரமாவும். அதுக்குள்ள... நீங்க ஏன்... புடுங்குறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கடை திறந்து, நான்கு பெட்டிகள் வாங்கி, ரயிலேறி லிட்டில் இந்தியா வரும்வரை அவள் என்னோடும் பேசவில்லை. நான் கெடுத்துவிட்டேன், திரும்பவும் பூட்டு விழுந்துவிட்டது என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "அக்கா! வாங்க வாங்க. போன வருஷம் ஆளையே காணோமே?" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. என் மனைவி சிரித்தாள், பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். நான் பேச வேண்டிய இடம் அது. ஒரு வருஷத்துப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய போன் கவர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

கடைக்காரர் எப்போதும்போலக் கால்குலேட்டரில் விலையைத் தட்டி அவள் பக்கம் திருப்பினார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. சத்தம் வரவில்லை.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அழித்துவிட்டு வேறு விலை தட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இப்படிப் பாக்காதீங்க லா. பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வியாபார வாழ்க்கையில் அப்படி ஒரு விலையை நான் கண்டதே இல்லை.

"ச... ரி" என்றாள் என் மனைவி.

அவர் பெருமூச்சு விட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தார். அவள் நகரவில்லை. கவர்கள் தொங்கிய சுவரைக் காட்டினாள். "அதுல... ரெண்டு..." என்றாள். கடைக்காரர் நிமிர்ந்தார். இப்போது அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கவரையே பார்த்தேன். அவரும் எடுத்துக்கொடுக்கவில்லை, பணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் முடிப்பதற்காக நின்றார். வெளியே சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ரெண்டு கவர்... எங்க போனுக்கு... சும்மா... குடுங்க."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாறவே இல்ல அக்கா நீங்க!" என்று இரண்டு கவரை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேனோ தெரியாது.

சந்து முனைக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல் வெலைக்கே... சரின்னு... சொல்லத்தான் பாத்தேன். வாய்... வரல."

பூமாலைக் கடைக்கு முன்னால், வருகிற போகிறவர்களுக்கு வழியை மறித்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பக்கத்துக் கோப்பிக்கடையில் மதியக் கூட்டம். ஒரு மேசையைப் பிடித்து, மீந்திருந்த டிஷ்யூ பாக்கெட்டை அதன்மேல் வைத்துவிட்டுக் கோப்பி வாங்கக் கிளம்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க... உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் போய் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அலுவலகப் பெண் ஒருத்தி, அவளுக்கும் பின்னால் நாலைந்து பேர். என் மனைவியின் முறை வந்தது. கோப்பிக்கடைக்காரர் காதைச் சாய்த்தார். என் கால் தானாக எழப் பார்த்தது, நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற பெண் தன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. அந்தக் கருவியை அன்றுதான் நான் மனதாரக் கும்பிட்டேன்.

தட்டைப் பிடித்தபடி என் மனைவி மெல்ல நடந்து வந்தாள். கொஞ்சம் சிந்தியிருந்தது. அவள் கோப்பி பாலும் சீனியுமாகப் பழுப்பாக இருந்தது. என்னுடையது கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுருண்டது.

"சீனி?" என்றேன்.

"கோசோங்னு... சொன்னேன்ல" என்றாள், முறைத்துக்கொண்டே.

கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்துவிட்டு, போய் இன்னொன்று வாங்கி வரச் சொன்னேன்.