சின்னத்துரைக்குக் கிடைத்த மன்னிப்பு

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் இருக்கிற அந்த மிஷன் அலுவலகத்தின் முன்னறைச் சுவரில் நாற்பத்தொரு குடும்பங்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்தக் குடும்பம் எந்த மாநிலத்தில், எந்த மக்கள் நடுவில் ஊழியம் செய்கிறது என்று எழுதியிருக்கும். ஆணி அடித்து அவற்றை மாட்டியவர் சின்னத்துரை. பத்தொன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தும் அவருடைய படம் சுவரில் ஏறியதில்லை. அவர் மிஷனரி இல்லை, சப்போர்ட் ஸ்டாஃப்.

அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. மம்சாபுரத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு ஒரு நூல் மில்லில் வேலையாக இருந்தார். இருபத்து மூன்று வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மிஷனரிக் கூட்டத்துக்குப் போனார். கடைசி நாளில், ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பிரசங்கியார் அழைத்தபோது எழுந்து நின்றுவிட்டார். பிறகு கூச்சமாகிவிட்டது. பிரசங்கம் பண்ண வராது, பாடவும் வராது என்று சொன்னவரிடம், "ஒயரிங் வருமில்ல? அதுவும் ஊழியந்தான்" என்றார்கள். அந்த வார்த்தையை அவர் அப்படியே நம்பினார்.

ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மலைப்பகுதிகளில் மிஷனுக்கு ஏழு இடங்கள் இருந்தன. ஏழிலும் சோலார் தகடு ஏற்றியது, இன்வெர்ட்டர் மாட்டியது, தண்ணீர் மோட்டார் இறக்கியது எல்லாம் சின்னத்துரைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை டூல்ஸ் பையோடு ரயிலேறுவார். மற்ற நாளெல்லாம் போனில்தான் வைத்தியம். "இன்வெர்ட்டர் பக்கத்துல போனக் கொண்டுபோங்க, சத்தம் கேக்கட்டும்" என்பார். அந்த இரைச்சலைக் கேட்டே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஒடிசாவில் ஒரு மலையூரில் சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்தவர் எலினா. தேவதானத்துப் பெண், நர்ஸ். புருஷனோடு அங்கே போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவருக்காகச் சின்னத்துரை ஓர் ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்திருந்தார். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் கரண்ட் இருந்தால்தான் ஓடும். அங்கே கரண்ட் என்பது வந்தால் உண்டு. அதனால் பேட்டரிதான் அதற்கு உயிர்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த எட்டு பேட்டரியும் வீங்கிப்போய்க் கிடந்தன. திரும்பி வந்ததும் டைரக்டர் ஜோவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஜோ வயதில் அவருக்கு இளையவர், பொறுப்புக்கு வந்து மூன்று வருஷம். நாலு மாதம் கழித்துப் புது பேட்டரிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் அந்த மலையூரின் பெயரை மார்க்கரால் எழுதி, திங்கட்கிழமை லாரிக்குச் சொல்லி வைத்தார் சின்னத்துரை.

வெள்ளிக்கிழமை ஜோ ஸ்டோர் ரூமுக்கு வந்தார். மறுவாரம் மிஷனின் பொன்விழா. பெரிய திரை, யூடியூபில் நேரலை.

"அண்ணே, இந்த பேட்டரிய மூணு நாளைக்கு மட்டும் நம்ம விழாவுக்கு மாட்டிக்குவோமா? ஜெனரேட்டர் போட்டா லைவ்ல ஒரே இரைச்சலா கேக்குது."

"பிரதர், அங்க இருக்கிறது சுத்தமா படுத்துருச்சு. கரண்ட் போனா மெஷினு பத்து நிமிஷங்கூட நிக்காது."

"மூணு நாள்தானண்ணே. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

மாட்டேன் என்று சின்னத்துரை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கையாலேயே எட்டையும் மேடைக்குப் பின்னால் வரிசையாக வைத்து ஒயர் கொடுத்தார்.

விழா நன்றாக நடந்தது. அதன் பின் ஊர் ஊராக ஸ்தோத்திரக் கூட்டங்கள். பேட்டரிகள் வேனிலேயே சுற்றின. சின்னத்துரை இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், இந்தக் கூட்டம் முடியட்டும் என்றார்கள்.

விழா முடிந்த பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் ஏணிமேல் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது எலினா போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, பொறந்து ரெண்டு நாள் பிள்ள. மூச்சு வாங்குது. காத்துல கரண்டு லைன் அந்துருச்சு. மெஷின் கத்துதுண்ணே."

"சிலிண்டரு?"

"காலி. ரொப்பிட்டு வாரதுக்குத்தான் இவிய ஜீப்ப எடுத்துட்டு டவுனுக்குப் போயிருக்காக."

"சரி, பதறாதம்மா. ஃபேன், லைட்டு, ஃப்ரிட்ஜு அம்புட்டையும் அமத்து. மெஷின் மட்டும் நிக்கட்டும். இப்ப ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

ஆறு நிமிஷம் ஓடியது. அந்த ஆறு நிமிஷமும் சின்னத்துரை இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அது நின்றது. எலினா போனை வைக்க மறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், அவருக்குத் தெரியாத ஏதோ பாஷையில், அழ ஆரம்பித்தாள். ஏணிக்குக் கீழே, மலையூரின் பெயர் எழுதிய எட்டு பேட்டரிகளிலும் முழுச் சார்ஜ் இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டார்கள். எலினாவும் புருஷனும் ராஜபாளையத்துக்குத் திரும்பினார்கள். ஐந்து பேர் கொண்ட கமிட்டி விசாரணைக்கு உட்கார்ந்தது. சின்னத்துரை கொடுத்த கடிதம் ஃபைலில் இல்லை. இவ்வளவு அவசரம் என்று அண்ணன் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை என்றார் ஜோ. சின்னத்துரை எலினாவைப் பார்த்தார். பேட்டரி எங்கே சுற்றுகிறது, ஏன் வரவில்லை என்பதெல்லாம் எலினாவுக்கு அவரே போனில் சொன்னதுதான். எலினா குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருஷனை அலுவலகத்திலேயே பயிற்சிப் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று அதே கமிட்டிதான் அந்த வாரம் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஜோ எழுந்து வந்து சின்னத்துரையின் தோளில் கை வைத்தார். "நாங்க உங்கள மனசார மன்னிச்சிட்டோம்ண்ணே. ஜெபிப்போம்."

எல்லாரும் தலை குனிந்தார்கள். பழக்கத்தில் சின்னத்துரையும் கண்ணை மூடினார். பாதியில் திறந்துவிட்டார். தனக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிஷன் தன் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் அடுத்த மாத ஜெப மடலில் அது அச்சாகி வந்தது. பராமரிப்புக் குறைவால் ஒரு சிசு இறக்க நேர்ந்தது, சம்பந்தப்பட்ட ஊழியரை மிஷன் கிறிஸ்துவின் அன்போடு மன்னித்தது என்று இரண்டு வரி. சின்னத்துரை மடலை எடுத்துக்கொண்டு ஜோவின் அறைக்குப் போனார்.

"பிரதர், நான்தான் மாட்டினேன். மாட்டேன்னு சொல்லிருக்கணும், சொல்லல. அத நான் ஆண்டவர்ட்ட கேட்டுக்கிடுதேன். ஆனா நீங்க என்ன மன்னிச்சீங்கன்னு போட்டிருக்கே, அத மட்டும் எடுத்துருங்க."

"அச்சாயி எல்லாருக்கும் போயிருச்சே அண்ணே."

"அடுத்த மாசம் ரெண்டு வரி போடலாம்ல."

"திரும்பக் கெளறக் கூடாதுண்ணே. பிசாசுக்கு எடங்கொடுத்த மாதிரி ஆயிரும்."

சின்னத்துரை ஸ்டோர் ரூம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

மனைவி பரிபூரணம் மிஷனின் நர்சரிப் பள்ளியில் டீச்சர். குடியிருந்ததும் மிஷன் வீடு. இரண்டும் போயிற்று. சாமான் கட்டும்போது அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"மன்னிச்சிட்டோம்னுதான சொன்னாக. வெரட்டவா செஞ்சாக?"

"வெரட்டிருந்தா கெஞ்சியாவது இருந்திருப்பேன்" என்றார்.

மம்சாபுரத்துக்கே வந்துவிட்டார்கள். வன்னியம்பட்டியில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் இப்போது அவருக்கு வேலை. தோட்டக்காரர்கள் கைராசிக்காரர் என்று தேடி வருகிறார்கள். அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. கோயிலுக்குப் போவதை முதலில் விடவில்லை. ஆனால் ஜெப மடல் அங்கேயும் வருகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "மனசப் போட்டு உழப்பாதீக, அவியளே மன்னிச்சிட்டாகள்ல" என்பார்கள். நாலைந்து மாதம் கேட்டுப் பார்த்தார். இப்போது பரிபூரணம் மட்டும் போகிறாள்.

போன ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எலினா எதிரே வந்தார். ஒதுங்கிப் போக வழியிருந்தும் போகாமல் வந்து நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்."

"ஆமா" என்றார் சின்னத்துரை.

எலினா மேலே ஏதோ எதிர்பார்த்து நின்றார். பரவாயில்லம்மா என்ற சொல் சின்னத்துரையின் நாக்கு நுனிவரை வந்தது. பத்தொன்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிப் பழகிய சொல். அதை விழுங்கிக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சிருந்தாகளா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ரெண்டு நாள்தான."

மம்சாபுரம் பஸ் வந்தது. சின்னத்துரை கூட்டத்தோடு ஏறிக்கொண்டார்.