ஆனி மேரிக்குத் தெரியவேண்டாம்

வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஊர் ஆனி மேரியுடையது. கணவன் யூஜினுக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு வேலை. அவள் இரண்டு கறவை மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வந்தாள். மாட்டு டாக்டர்களும் காட்டிலாகாக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்துக்கு ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது, அவள் பெயரைத்தான் சொன்னார்கள். ஆடு மாடு சீக்காக விழுந்தாலும், நரியோ மயிலோ செத்துக் கிடந்தாலும் அவள் போனில் சொல்லவேண்டும். காட்டு விலங்கின் நோய் மாட்டுக்கு வரும், மாட்டிலிருந்து மனிதனுக்கும் வரும், முந்திக்கொண்டால் தடுத்துவிடலாம் என்று பயிற்சியில் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். ஊரில் நடப்பதை அவளிடம் யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் மழையிலேயே நாலு வீட்டு மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி கண்டது. உடனே போன் போட்டாள். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், மாடுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் நோய் அடங்கும்வரை அந்தத் தெருப் பாலைச் சொசைட்டியில் எடுக்கவில்லை. பால் சாக்கடையில் ஓடியது. அதற்குப் பிறகு அவள் தெருவில் வந்தாலே பேச்சு நின்றுபோனது. சீக்கு மாட்டை அவள் கண்ணில் படாமல் கொல்லைப்புறம் ஓட்டிக் கட்டினார்கள்.

மூன்று வீடு தள்ளி இருந்தவர் அரங்கநாதன். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது கொல்லைக்குள்ளிருந்து பகலிலேயே ஒரு நரி வெளியே வந்து, மேய்ந்துகொண்டிருந்த அவருடைய பசுவின் மூக்கைக் கடித்துவிட்டு ஓடியது. பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனி மேரிக்குத் தெரியவேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பசு தீனியை விட்டது, எச்சில் ஒழுகியது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து அரங்கநாதன் அதன் வாய்க்குள் கையைவிட்டுத் துழாவியிருக்கிறார். சாயங்காலம் பசு குரல் உடைந்து கத்திய கத்தல் ஆனி மேரி வீடுவரை கேட்டது. போய்ப் பார்த்தாள். அரங்கநாதனின் மனைவி கலியம்மாள் வாசல் படலை விட்டு நகரவில்லை.

"மாடு நல்லாத்தான் கீது. நீ வூட்டுக்குப் போ."

"அக்கா, யாராவது வாயில கைய வுட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"யாரும் வுடல."

ஆனி மேரி போன் போட்டாள். மறுநாள் டாக்டர் வருவதற்குள் பசு செத்து, குழியும் மூடியாகிவிட்டது. வெறிநோயாக இருக்கலாம், மாட்டின் எச்சில் பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அரங்கநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் கிட்டவே போகவில்லை என்றார். ஒத்துக்கொண்டால் மீதி மாடுகளின் பாலும் போய்விடும் என்ற பயம்.

பொங்கல் கழிந்து அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை.

கருமாதிக்கு ஆனி மேரி போனாள். கலியம்மாள் திட்டவில்லை.

"உன்னாண்ட சொல்லலாம்னு ரெண்டு வாட்டி எழுந்தாரு. உன்னாண்ட சொன்னா போன்ல போயிடும்னு உக்காந்துட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகாவது ஊர் மாறும் என்று டாக்டர் நினைத்தார். தடுப்பூசி முகாம் போட்டதில் பாதி மாடுகள்கூட வரவில்லை. நரி கடித்த மாடு உண்டா என்று கேட்டால் வீட்டுக்கு வீடு இல்லை என்ற பதில்தான் வந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஆனி மேரியின் சிவப்புப் பசு தீனி எடுக்கவில்லை. அவள் போனை எடுத்தாள்.

"ஒரு நாள் பொறு. பாலு போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றான் யூஜின்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பால் கறந்து, வழக்கம்போலச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள். பசு அன்று மத்தியானமே வைக்கோல் தின்றது, வெறும் வயிற்று உப்புசம். யூஜின் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. தன் வீட்டு மாட்டையே மறைத்தவள் இனி யார் படலில் போய் நின்று கேட்பது? அந்த வாரமே டாக்டரிடம் இந்த வேலை இனித் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். வேறு யாரையாவது சொல்லுங்கள் என்று கேட்டார். அவளுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.