ரயில் கூடத்தில் நாற்பது நிமிடம்

வீடியோ எடுத்துக்கொண்டு நின்றதால்தான் பிள்ளையைத் தவறவிட்டேன். வேறு நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. லண்டனில் அக்கா, ஜெர்மனியில் சித்தி, யாழ்ப்பாணத்தில் மாமி என்று எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை எங்கே போனது, என்ன பார்த்தது என்று ஞாயிறு தோறும் அதில் ஒரு போட்டி நடக்கும். ஒரு நாளாவது நானும் வெல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. இந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மொன்றியலில் டிசம்பர் மாதம். மனைவிக்கு லாசாலில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மகளுக்கு நாலரை வயது, சரியான ரயில் பைத்தியம். தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் பண்டிகைக் காலத்துக்கென்று விளையாட்டு ரயில்கள் ஓடுகின்றன என்று அவளைப் பகலில் விடும் கார்தெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவள் அதை இரண்டு வாரமாகத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். மெட்ரோவில் இரண்டு தரம் மாறிப் போய்ச் சேர்ந்தோம். பனிக்குள் நடந்த அந்தப் பத்து நிமிடத்தில் என் மூக்கு எனக்கே சொந்தமில்லாததுபோல மரத்துவிட்டது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.

உள்ளே போனால் தலைகீழ். பனையும் வாழையும் வளர்கிற இடம், சட்டை வியர்வையில் ஒட்டியது. வாசலில் எல்லோரும் ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். நாங்களும் கொடுத்தோம். மகள் ஒரு மெல்லிய மஞ்சள் சட்டையோடும் காலுறையோடும் நின்றாள். இதைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அந்த நாற்பது நிமிடமும் என் மண்டைக்குள் நின்றது அந்த மெல்லிய சட்டைதான்.

ரயில்கள் உண்மையிலேயே வடிவாகத்தான் ஓடின. கூடத்தின் நடுவில் ஒரு பெரிய நீண்ட மேடை. மரப்பட்டையால் செய்த பாலங்கள், பாசியால் மலைகள், சிவப்பு இலைச் செடிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி வீடுகள். மேடையின் நான்கு பக்கமும் பச்சைத் துணி நிலம்வரை தொங்கியது. ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு அட்டையில் ரயில் பெட்டி செய்து வர்ணம் தீட்டும் மேசை. மகள் ஒரு கரிய எஞ்சினோடு கூடவே நடந்து, அது குகைக்குள் போனால் மூச்சைப் பிடித்து, வெளியே வந்தால் கைதட்டினாள். அவளை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"இஞ்ச பாருங்கோ, இதுதான் மொன்றியல் கிறிஸ்மஸ் ரயில்" என்று ஃபோனைத் தூக்கிப் பிடித்து வர்ணனை சொல்லத் தொடங்கினேன். எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும்வரை எடுத்தேன். கடைசியில் பிள்ளையின் முகத்தைக் காட்டி முடிக்கலாம் என்று ஃபோனைக் கீழே திருப்பினால், அங்கே பிள்ளை இல்லை.

முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "எங்கயடி போனனீ?" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி மேடையின் மறுபக்கம் போனேன். அங்கேயும் இல்லை. அட்டைப் பெட்டி செய்யும் மேசையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்றும் என்னுடையதல்ல. பக்கத்துக் கூடத்துக்கு ஓடினேன், கள்ளிச்செடிகள். அதற்கடுத்த கூடம், ஓர்க்கிட். திரும்பி ஓடி வந்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அத்தனை சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் தேடிய முகம் மட்டும் திரும்பவில்லை.

கூடத்தின் கடைசியில் ஒரு கதவு இருந்தது. தள்ளினால் திறக்கும் கதவு. ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு அதால் வெளியே போனபோது பனிக்காற்று உள்ளே அடித்து என் முழங்காலைக் கடித்தது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை. மரங்கள், உறைந்த குளம், ஆளில்லாத பாதைகள். காலுறையோடு ஒரு நாலரை வயதுப் பிள்ளை அங்கே எவ்வளவு நேரம் தாங்கும்? நான் கதவுக்கு வெளியே ஓடிப் பனியில் சின்னக் காலடி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆயிரம் காலடிகள் இருந்தன.

உள்ளே வந்தபோது ஒரு செக்யூரிட்டி எனக்காகக் காத்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், கறுப்புச் சீருடை, இடுப்பில் வோக்கி-டோக்கி. என் பிரெஞ்சு, நான் வேலை செய்யும் உணவகத்துச் சமையலறையில் கற்ற பிரெஞ்சு. வெங்காயம் வெட்டு, தட்டைக் கழுவு, கெதியாய் வா, இவ்வளவுக்குத்தான் உதவும். பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் 'என் பிள்ளையைக் காணவில்லை' என்ற வசனத்தை நான் பழகியிருக்கவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் உடனே வோக்கி-டோக்கியில் பேசி எல்லாக் கதவுகளிலும் ஆள் நிறுத்தினார், பொலிஸுக்கும் அறிவித்தார். பிறகு மேடைத் துணியை ஒரு பக்கம் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். "பெட்டிகள்தான் கிடக்கின்றன" என்று துணியை விட்டார்.

அப்போது மனைவி ஃபோன் எடுத்தா. அவவுக்கு இடைவேளை. பிள்ளையோடு இரண்டு நிமிடம் கதைக்காவிட்டால் அவவுக்கு அந்தத் தேத்தண்ணீர் இறங்காது.

"என்னப்பா, ரயில் பாத்தாச்சோ? பிள்ளையட்டக் குடுங்கோ."

நான் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

"பிள்ளையக் காணேல்லை."

"என்ன?"

"காணேல்லையப்பா. தேடிக்கொண்டு நிக்கிறன்."

"ஐயோ! என்ன சொல்லுறீங்கள்? கையைப் பிடிக்காம என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்? பொலிஸுக்குச் சொன்னீங்களோ?"

"ஓம், ஓம், பொலிஸுக்குச் சொல்லியாச்சு!" என்று நானும் கத்தினேன். "இஞ்ச வந்துகொண்டிருக்கினம். எப்பிடியும் பிடிச்சிடுவினம்."

"ஃபோனை வையாதேங்கோ. நான் இதிலையே நிக்கிறன். வையாதேங்கோ!"

வைக்காமலே சட்டைப்பையில் போட்டேன். அதற்குள்ளிருந்து அவ கடவுள்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அழுதது எனக்குக் கேட்டது. இருபது நிமிடம் கடந்துவிட்டிருந்தது. அவள் கிடைத்தால் இனி என்ன கேட்டாலும் வாங்கிக் கொடுப்பேன், ஒருநாளும் ஏசமாட்டேன் என்று யாரோடோ பேரம் பேசிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன்.

அட்டை மேசையில் பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும்.

"அண்ணா, மஞ்சள் டிரெஸ்தானே? அந்தப் பாப்பா என் டேபிளுக்கு வந்துச்சு. ஒரு இன்ஜின் கூடப் பெயிண்ட் பண்ணிச்சு. இந்த சார் ரவுண்ட்ஸ் வந்ததும் பிரஷ்ஷப் போட்டுட்டு ஓடிடுச்சு. அவரப் பார்த்துப் பயந்த மாதிரி இருந்துச்சுண்ணா. யூனிஃபார்ம் பார்த்தா பயப்படுவாளா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்துவது பெரும் பாடு. கதை சொல்லியாயிற்று, டிவி போட்டாயிற்று, ஒன்றும் சரிவராமல் கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செய்வதுதான். ஃபோனைக் காதில் வைத்து, "ஹலோ, பொலிஸ் மாமாவோ? இஞ்ச ஒரு பிள்ளை சாப்பிடமாட்டன் எண்டு நிக்குது. வந்து பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்பேன். அவள் அலறியடித்து வாயைத் திறப்பாள். தட்டு முடிந்ததும், "சரி மாமா, இண்டைக்கு வரவேண்டாம், பிள்ளை சாப்பிட்டிட்டா" என்று சொல்லி வைப்பேன். நல்லாக வேலை செய்தது. சிரித்துச் சிரித்து அதை மற்ற அப்பாமாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று காலையிலும் புட்டு இறங்கவில்லை, மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது என்று பொலிஸ் மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று செக்யூரிட்டி கேட்டார். "பிள்ளை யாருக்காவது பயப்படுவாளா?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும். பிள்ளைக்கு அடித்தால், வெருட்டினால், இந்த நாட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் சனத்துக்குள் ஒரு கதை எப்போதும் ஓடும். யாரும் கண்ணால் கண்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். பனியால் பிந்திக்கொண்டிருந்த பொலிஸ் வரும் நேரம் பார்த்து, 'நான் பிள்ளையைப் பொலிஸைச் சொல்லி வெருட்டுகிறவன்' என்று எப்படிச் சொல்வது? எழுதிக்கொண்டு போனால்? விசாரித்தால்? என் பிள்ளை எங்கோ விறைத்துக்கொண்டிருக்கலாம், நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். முழுசாக ஐந்து நிமிடம்.

காவலுக்கு நின்றவர் யாரையோ வெளியே விட அந்தக் கடைசிக் கதவைத் திரும்பத் திறந்தார். குளிர் வந்து காலில் பட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்து, தெரிந்த பிரெஞ்சு, தெரிந்த ஆங்கிலம், கொஞ்சம் அழுகை எல்லாவற்றையும் கலந்து சொல்லிவிட்டேன். சாப்பாடு. ஃபோன். பொலிஸ். நீங்கள் வந்து பிடிப்பீர்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் என் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்தார். பிறகு, "நான் ஹெயிட்டிக்காரன்" என்றார். "எங்களுக்கும் ஒரு மாமா இருந்தார். சாக்குப் பையோடு பிள்ளை பிடிக்க வருவார். என் அம்மா தினமும் கூப்பிடுவா." சொல்லிக்கொண்டே கறுப்பு மேற்சட்டையைக் கழற்றினார். வோக்கி-டோக்கியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். உள்ளே ஒரு பழைய சாம்பல் நிற பெனியனோடு நின்றார். "அப்படியென்றால் அவள் வெளியே ஓடியிருக்க மாட்டாள். ஒளிந்திருப்பாள். நான் தேடுகிறவரைக்கும் வரவே மாட்டாள்."

ரயில்களை நிறுத்தச் சொன்னார். கூடம் முழுக்க அமைதியானது. நான் தரையில் குப்புறப் படுத்துப் பச்சைத் துணியைத் தூக்கினேன். காலிப் பெட்டிகள், கம்பிகள், மரக் கால்கள். ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் காலுறை தெரிந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முழங்காலை மடித்துச் சுருண்டிருந்தாள். சட்டை நனைந்திருந்தது. கண் இரண்டும் அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் கத்தியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் மேடையைப் பிடித்துக்கொண்டு ஃபோனில் கத்தியதும் தலைக்கு மேலேயேதான்.

"குஞ்சு, அப்பாடி, வாம்மா" என்று கையை நீட்டினேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். என் பிள்ளை, என்னைக் கண்டு, பின்னால் நகர்ந்தாள். அந்த நிமிடத்தைப் பற்றி வேறு எதுவும் என்னால் எழுத முடியாது.

மறுபக்கத்துத் துணியைத் தூக்கி அந்த மனிதர் தானும் தரையில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மெதுவாக, "போன்ஜூர்" என்றார். அவள் அவருடைய கறுப்புக் காற்சட்டையைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். சட்டையைக் கழற்றினால் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? இனித் தப்ப வழியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தானாகவே ஊர்ந்து அவர் பக்கமாக வெளியே போனாள். நான் சுற்றி ஓடி வந்தபோது அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

சட்டைப்பைக்குள் இருந்து மனைவி, "பிள்ளையோ? பிள்ளையோ?" என்று கத்தினா. "ஓம், கிடைச்சிட்டாள்" என்றேன். முழங்காலில் நின்று மகளைக் கட்டிப்பிடித்தேன். அவளுடைய உடம்பு கட்டையாக விறைத்து நின்றது. என் காதுக்குள் மெல்லச் சொன்னாள்:

"நான் புட்டு முழுக்கச் சாப்பிட்டனான் தானே, அப்பா. பேந்து ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"நான் கூப்பிடேல்லை, பிள்ளை. அப்பா பொய் சொன்னது. பொலிஸ் பிள்ளையளைப் பிடிக்கிறேல்லை."

"கூப்பிட்டனீங்கள். நான் கேட்டனான்."

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்று கேட்ட அந்தத் தமிழ்நாட்டுப் பெண்தான் பதில் சொன்னாள். "காலைச் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டேன் என்கிறாள்." அவர் முகம் மலர்ந்து, "பிராவோ!" என்றார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வீட்ட போகலாமோ எண்டு அவரைக் கேளுங்கோ" என்றாள்.

நான் கேட்டேன்.