காதைக் காட்ட மறுத்தவள்

ஒரு வீட்டில் தவ்ஜீஹி எழுதும் பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க ஊரடங்குச் சட்டம்தான். பள்ளியின் கடைசிப் பரீட்சை அது. டி.வி. பேசக்கூடாது, விருந்தாளி வரக்கூடாது. மேலே என் பையன் யஸன் பந்து தட்டினால் கீழேயிருந்து என் கொழுந்தன் நாயிஃப் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். இர்பித் நகரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், யாரையும் தனியாகக் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் நாயிஃபின் மகள் ரகத்தின் முறை. நான் அவளுக்குப் பெரியம்மா, அவள் அப்பாவுடைய அண்ணன் மனைவி. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகும் மேல்தளத்தில் நானும் யஸனும்தான். ரகத் தினமும் ஒரு தடவையாவது மேலே வந்துவிடுவாள். பாத்திரம் கிடந்தால் கேட்காமலேயே கழுவுவாள். கழுவிவிட்டு, "சரியா கழுவியிருக்கேனா பெரியம்மா?" என்று கேட்பாள். ஒரு தட்டுக்குக்கூடவா சான்றிதழ் வேண்டும் என்று எனக்குக் கோபமாக வரும்.

நாயிஃப் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைத் திட்டப்போகிறேன். ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைக் கை நீட்டி அடித்ததில்லை. மூத்தவன் ராமி பொறியியல் படிக்கிறான், அவன் பேச்சை எடுத்தாலே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். ரகத்துக்குப் பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்து, அறிவியல் பிரிவு கிடைக்காமல் இலக்கியப் பிரிவுக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு அவர் மனைவியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "விடு இப்திஸாம், ராமி ஒன்னு, இவ சைபர். ஒன்னுக்குப் பின்னால நின்னா சைபருக்கும் மதிப்புதானே."

வீடே சிரித்தது. ரகத்தான் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தாள். அதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. "சைபரே, டீ கொண்டா." "சைபரே, என் கண்ணாடி எங்க?" செல்லமாகத்தான் கூப்பிடுவார். போகப் போக அவளே முந்திக்கொள்ள ஆரம்பித்தாள். விருந்தாளி முன் கேக் வைக்கும்போதே, "சைபர் செஞ்ச கேக், பல்லு பத்திரம்" என்பாள். எவ்வளவு கலகலப்பான பெண் என்று ஊர் மெச்சியது. தன்னைத் தானே முதலில் குத்திக்கொண்டால் அடுத்தவன் குத்துவதற்கு இடம் இருக்காது என்று அந்தக் குழந்தை கணக்குப் போட்டிருந்தது. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. சொன்னேன். "உங்களுக்கு எல்லாமே தப்புதான் அண்ணி" என்றார் நாயிஃப்.

குளிர்காலத்தில் ரகத் வீட்டுக்குள்ளும் முக்காடு போட ஆரம்பித்தாள். வெளியே போகும்போது எல்லாப் பெண்களும் போடுவதுதான். வீட்டுக்குள் அப்பா, அண்ணன் முன்னால் யார் போடுகிறார்கள்? குளிர் என்று நினைத்தோம். குளிர்காயும் அடுப்பை அணைத்து மூலையில் வைத்த பிறகும், வசந்தத்தில் பச்சைப் பாதாம்காய் விற்கும் வண்டிகள் வந்த பிறகும் அவள் கழற்றவில்லை. தூங்கும்போதும் அதோடுதான் என்றாள் அவள் அம்மா இப்திஸாம்.

நாயிஃபுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் முறையாக அந்த வீட்டில் ரகத்தைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டது. "மார்க் வராட்டி போகுது, அல்லா இவளுக்கு வேற ஒன்னு குடுத்திருக்கான். வீட்டுக்குள்ளயும் வெட்கத்தோட இருக்கா பாருங்க, அந்தக் காலத்துப் பொண்ணுங்க மாதிரி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பள்ளிவாசலிலும் சொல்லியிருக்கிறார். இப்படிப் பாராட்டியபின் அந்தப் பெண் எப்படிக் கழற்றுவாள்?

படிக்க அவள் மொட்டைமாடிக்குப் போவாள், தண்ணீர்த் தொட்டிகளின் நிழலுக்கு. இடது கையில் புத்தகம் இருக்கும், வலது கை முக்காட்டுக்குள் இருக்கும். பேன் இருக்கிறதோ என்று கேட்டேன், இல்லை என்று கையை எடுத்துவிட்டாள். ஒரு நாள் மாடியைக் கூட்டும்போது தொட்டிக்குப் பின்னால் பழுப்பு முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூனை ரோமம் உதிர்க்கிறது என்று அந்தப் பூனையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளினேன்.

பரீட்சையின் முதல் நாள். இப்திஸாம் விடியலிலேயே எழுந்து ஓதி ஊதி, தைம் இலைப் பொடி தூவிய ரொட்டி சுட்டு, மகளை அனுப்பினாள். எட்டரைக்குத் தொடங்கும் பரீட்சை. ஒன்பது மணிக்கு ரகத் வீட்டு வாசலில் நின்றாள்.

நடந்ததை எதிர் வீட்டு ஹலா பிறகு சொன்னாள். அவளும் அதே கூடத்தில் எழுதியவள். உள்ளே போகும்முன் பெண் கண்காணிப்பாளர்கள் ஒவ்வொரு பெண்ணின் முக்காட்டையும் விலக்கிக் காதைப் பார்ப்பார்கள். காதுக்குள் கடுகளவு ஒலிக்கருவி வைத்துக்கொண்டு வெளியிலிருந்து விடை கேட்டு எழுதுகிறவர்கள் உண்டு, அதற்காக. எல்லாப் பெண்களும் ஒரு பக்கம் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். ரகத் தாடைக்குக் கீழே துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தனி ரூமுக்கு வாம்மா, நான் ஒருத்திதான் பாப்பேன்" என்று சோதித்த அம்மாள் இறங்கி வந்திருக்கிறாள். இவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாளாம். "காதுல வச்சிருக்கியா?" என்று கேட்டதும் திரும்பி வெளியே நடந்துவிட்டாள். சோதனைக்கு மறுத்தாள், மோசடி முயற்சி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷப் பரீட்சை அதோடு போயிற்று.

நாயிஃப் கேட்டபோது நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"காதுல வச்சிருந்தியா?"

"ஆமாப்பா."

"எங்க அது?"

"வர்ற வழியில சாக்கடையில போட்டுட்டேன்."

முதல் முறையாக அவர் கை ஓங்கியது. அடி விழவில்லை. ஓங்கிய கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்டவன் மகள் திருடி" என்றார். ரகத் போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தம்ளரைத் தட்டிவிட்டார். அவள் குனிந்து தரையைத் துடைத்தாள்.

நான் அவளை மேலே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு நம்பிக்கை இல்லை. திருட்டுத்தனமாக எழுதவும் மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும், விடை சொல்ல. இவளுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு வருஷமாக அவளைத் தேடி ஒரு தோழி வந்து நான் பார்த்ததில்லை.

"யாருடி உனக்கு விடை படிச்சுச் சொல்றதா இருந்தது? பேரைச் சொல்லு."

அவள் யோசித்தாள். பொய்க்கு ஒரு பெயர் தேடினாள். அதுகூட அவளிடம் இல்லை.

"பெரியம்மா, சிரிக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க."

முக்காட்டு ஊசிகளைக் கழற்றினாள். நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி இருந்தது. அதற்குப் பின்னால் உள்ளங்கை மாதிரி வெறும் தோல். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சிவந்து, அங்கங்கே காய்ந்த ரத்தப் பொட்டு. இந்தத் தலையைக் காட்டுவதைவிடத் திருடி என்ற பெயர் தேவலை என்று அவள் முடிவு செய்திருந்தாள். எனக்குச் சிரிப்பா வரும்?

"யாருடி இப்படிச் செஞ்சது?"

"நான்தான். படிக்கிறப்ப தலைக்குள்ள சத்தமா இருக்கும். நீ எதுக்கு, நீ எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு முடியை இழுத்தா கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் மறுபடியும்." பிறகு சட்டென்று, "இங்க முடி கொட்டியிருக்கு, நானே கூட்டிடறேன்" என்றாள்.

அன்று மாலை கீழே போய் நாயிஃபிடமும் இப்திஸாமிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இப்திஸாம் சுவரோரம் சரிந்து அழுதாள். நான் விடவில்லை. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அவர் எழுதிக் குடுத்தா மோசடி இல்லைன்னு மேலிடத்துல சொல்லலாம். புள்ளைக்கு வைத்தியமும் ஆகும்."

நாயிஃப் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"எந்த டாக்டர் அண்ணி? மனநோய் டாக்டரா?"

"ஆமா."

"திருடின்னு ஊரு ஒரு வருஷம் பேசும். அடுத்த வருஷம் வேற ஒருத்தி மாட்டுவா, இவளை மறந்துடும். பைத்தியம்னு பேர் வந்தா சாகுற வரைக்கும் போகாது. யாரு கட்டுவான் இவளை? நாளைக்கு ராமிக்குப் பொண்ணு கேட்டுப் போனா வாசல்லயே நிறுத்துவான். திருடியாவே இருக்கட்டும்."

"உன் வாய்ல மண்ணு விழ! நீ ஒரு அப்பனா?" என்று கத்தினேன். கொழுந்தன் என்ற மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கதவோரம் ரகத் நின்றிருந்தாள். முக்காட்டை மறுபடி இறுக்கக் கட்டியிருந்தாள்.

"அப்பா சொல்றதுதான் சரி பெரியம்மா. என் ஒருத்திக்காக எதுக்கு எல்லாருக்கும் கஷ்டம்?"

அவள் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. கடையில் தக்காளி விலை சொல்வது போலச் சொன்னாள். அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரவில் பத்துத் தடவை எழுந்து கீழே அவள் அறையில் விளக்கு எரிகிறதா என்று ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எரிந்தாலும் பயம், அணைந்தாலும் பயம்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு எனக்குப் பல் வலி, துணைக்கு ரகத் வேண்டும் என்று பொய் சொல்லி, அவளைத் தலைநகர் அம்மானுக்குப் பஸ் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்று பஸ் கிளம்பிய பிறகுதான் அவளிடம் சொன்னேன். மறுக்கவில்லை. "உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றாள்.

மனநோய் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். ரகத் தன் நாற்காலியை ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். பெயர் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. "அந்த அக்கா ரொம்ப நேரமா அழுதுட்டிருக்காங்க, முதல்ல அவங்க போகட்டும்" என்றாள் நர்ஸிடம். அடுத்த முறை கூப்பிட்டதும் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

நடுவயதுப் பெண் டாக்டர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரகத் முந்திக்கொண்டாள். "எங்க பெரியம்மாவுக்குத்தான் டாக்டர். ஒரு வாரமா ராத்திரி தூக்கமே இல்ல. ஜன்னல்ல நின்னுட்டே இருக்காங்க. ஏதாவது மாத்திரை குடுங்க."

டாக்டர் தலையசைத்தார். "சரி, பாக்கலாம். உனக்கு?"

ரகத் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கேட்கிறார் என்று.

"எனக்கா? நான் சும்மா கூட வந்தேன்" என்றாள்.